கழுவாத வீடு

அந்த ஓட்டலில் எங்களை யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான்.

நான் ஆழ்வார்குறிச்சியில் பிறந்தவள். எங்கள் வீட்டில், வழக்குப் போட்டவனே வாசலில் வந்து நின்றாலும், "வாங்க, மோர் குடிக்கியளா" என்று கேட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். படியேறி வருகிறவர்களை ஒரு வார்த்தை கேட்பதற்கு வாயா வலிக்கும்?

என் கணவர் நாறும்பூநாதனுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் எங்களுக்குச் சொந்தம் அதிகம். காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கொரு அறிவுரை. அவருடைய பெரியப்பா மகன் ஒருவர், இதே மாதிரி ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய இருபதாம் நாள் செத்துப்போன யாரோ ஒருவரின் கதையை இவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்லி, இரண்டு காபியும் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவர் நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்தேன். திசையன்விளைக்குத் தெற்கே கடலைப் பார்த்த பழைய பங்களா, ஐந்தே அறைகள், பொட்டிக் ஓட்டல் என்று படம் போட்டிருந்தது. யோசிக்காமல் இரண்டு நாளைக்குப் பதிவு செய்தேன்.

"பொட்டிக்கடை கேள்விப்பட்டிருக்கேன். அது என்னட்டி பொட்டிக் ஓட்டல்?" என்றார்.

அந்த இருபதாம் நாளை அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு எண்ணக் கூடாது. கடலைப் பார்த்துக்கொண்டு மறந்துவிட வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. முப்பத்தொரு வருஷம் கூடவே இருந்த மனிதர். அவரை இழப்பதற்கு எனக்குத் தைரியம் கிடையாது.

கார் நான்தான் ஓட்டினேன். மூலைக்கரைப்பட்டி தாண்டி, மண் சிவந்து, பனைகள் வந்து, கடைசியில் காற்றில் உப்பு வாடை அடித்தது. பங்களா படத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது. பெரிய கூடம், முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்ந்த சிவப்புச் சிமென்டுத் தரை. தெற்குச் சுவரோரம் பட்டப்பகலிலும் ஒரு விளக்கு எரிந்தது. மேனேஜர் கிங்ஸ்டன், நாற்பது வயதுக்காரர், எழுந்து நின்றார். நன்னாரி சர்பத் கொடுத்தார். சாவியை நீட்டினார். வாய் மட்டும் திறக்கவில்லை. சமையலும் பெருக்கலும் செய்கிற செல்வமணி என்ற பெண் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊமை ஓட்டல் போலிருக்கு" என்றார் இவர். வெகுநாள் கழித்து அவர் சிரித்ததால் நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டு, மாத்திரை போட்டுத் தூங்கினார். எங்களைத் தவிர வேறு விருந்தாளிகள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது. கடல் ஒரே மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

அப்போது கூடத்தில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

அடுத்து தண்ணீரை வீசிக் கொட்டும் சத்தம். அப்புறம் ஈர்க்குமாறு. சரக், சரக் என்று, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. செல்வமணி தரை கழுவுகிறாள் என்று நினைத்தேன். சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் என்ன கழுவல் என்று கேட்பதற்காகக் கதவைத் திறந்தேன்.

கூடத்தில் யாரும் இல்லை.

சத்தம் நிற்கவில்லை. எனக்கு இரண்டடி முன்னால் தண்ணீர் கொட்டப்பட்டது. ஈர்க்குமாறு என் கால் பக்கமாகவே கடந்துபோனது. தரையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. விரலில் கடல் மணல் ஒட்டியது.

நனைந்த சிமென்டு வாடை மட்டும் அடித்தது.

சமையலறைக்கு ஓடினேன். செல்வமணி அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா தரை கழுவுதது?"

"அதக் கேக்காதிய யக்கா" என்றாள். "அரை மணி நேரம். அப்புறம் நின்னுரும்."

நின்றுவிட்டது. காது மந்தமாகியிருக்கும், தூக்கக் குறைவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவரிடம் சொல்லவில்லை. இதயக்காரரிடம் எதைச் சொல்வது.

அடுத்த நாள்தான் இருபதாம் நாள். காலையில் கடற்கரையில் மணலில் நடந்தார். இட்லி மூன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாள்காட்டி ஞாபகமே அவருக்கு இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மத்தியானம் அவர் தூங்கினார். நான் கட்டில் ஓரத்தில் விழித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வாளி வைக்கும் சத்தம்.

கூடத்தில் இல்லை. எங்கள் அறைக்குள்.

தண்ணீர் என் காலடியில் கொட்டப்பட்டது. ஈர்க்குமாறு கட்டிலைச் சுற்றி வந்தது. தலைமாட்டில் கொஞ்சம் நின்றது. பிறகு கட்டிலுக்கு அடியில் பைய நுழைந்து, அவருக்கு நேர் கீழே, ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

இவர் கண்ணைத் திறந்தார்.

"யாரு பிருந்தா தரை கழுவுதா? காலெல்லாம் குளிருது."

அவர் பாதத்தைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. அவ்வளவுதான், பெட்டியைக் கட்டிவிட்டேன். இரவு வரை எங்களுக்கு அறை இருக்கிறதே என்று கேட்டார். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போனேன்.

கிங்ஸ்டன் சாவியை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஏன் பாதியில் போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பயத்துக்குள்ளும் எனக்குக் கோபம் வந்தது. பிறவிக் குணம், என்ன செய்ய. ஒரு வீட்டுப் படியிறங்கும்போது எப்படி இறங்க வேண்டும் என்று இவர்களுக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. வாசற்படியில் திரும்பி நின்று, கூடத்துக்கே கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"நாங்க போயிட்டு வாரோம்."

கிங்ஸ்டன் கையிலிருந்து சாவி விழுந்தது.

உள்ளேயிருந்து, விளக்கு எரிகிற பக்கமிருந்து, ஒரு பெண் குரல் சொன்னது.

"வாங்க."

மெதுவான குரல். அதில் சந்தோஷம் இருந்தது.

நான் முற்றத்தில் இறங்கியபோது செல்வமணி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கார் கண்ணாடி ஏற்றியிருந்தது, இவருக்குக் கேட்காது.

"ஏன் யக்கா அப்படிச் சொன்னிய? சாவு விழுந்த துட்டி வீட்ல யாராவது வாரேன்னு சொல்லுவாவளா?"

"இது என்ன துட்டி வீடா?"

"ஆமா. மொதலாளியம்மா அன்னத்தாய் ஆடி அமாவாசைக்கு இந்தா இந்தக் கடல்லதான் குளிக்கப் போனாவ. ஆறு வருசமாச்சு. ஒடம்பு கெடைக்கல. கெடைக்காம காரியம் ஒண்ணும் செய்ய மாட்டேன்னுட்டாரு அவிய வீட்டுக்காரரு. அன்னைக்கு ஏத்துன வெளக்கு அது. அவரு பங்களாவ வாடகைக்கு விட்டுட்டு எங்கயோ போயிட்டாரு. துட்டி இன்னும் எறங்கல யக்கா. அதான் நாங்க யாரையும் வாங்கன்னு கேக்குததில்ல. போறவங்களும் பேசாமத்தான் போவாவ."

"அந்தக் கழுவுத சத்தம்?"

செல்வமணி பங்களாவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒடம்ப எடுத்த பெறவுதான வீட்டக் கழுவி விடணும்? மொதலாளியம்மாவுக்கு வீட்டச் சுத்தமா வச்சிக்கிடணும். தெனமும் கழுவிப் பாக்காவ. ஒரு சொட்டு நனைய மாட்டேங்குது. யாரு ஒடம்பையாவது எடுத்தாத்தான யக்கா கழுவ முடியும்."

நான் கார் பக்கம் திரும்பினேன்.

"நேரா வீட்டுக்குள்ள போயிராதிய" என்றாள். "துட்டிக்குப் போயிட்டு வந்தா என்ன செய்வோம்? ரெண்டு பேரும் ஆத்துல தலை முங்கிட்டுப் போங்க."

எனக்குத் தெரியாத வழக்கமா இது. எத்தனை துட்டி வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் வாரேன் என்று சொன்னதில்லை. எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். அந்த மௌனம் அங்கே இரண்டு நாளாக என் எதிரே நின்றது. நான் அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன்.

குறுக்குத்துறையில் காரை நிறுத்தினேன். கார்த்திகை மாதம், தாமிரபரணி கரை தொட்டு ஓடியது. குளித்துவிட்டுப் போவோம் என்றதும் இவருக்கு உற்சாகம். சட்டையைக் கழற்றினார். நான் மூன்று முங்கு போட்டு எழுந்தேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. படியில் இறங்க வந்தவர் ஒரு முறை இருமினார்.

ஒரே ஒரு முறைதான்.

டாக்டர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "நீங்க முங்க வேண்டாம், காலை மட்டும் நனைங்க" என்றேன். அவர் எவ்வளவோ சொன்னார். நான் விடவில்லை. உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி அவர் தலையில் தெளித்தேன். இது போதும் என்றேன். போதாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அவருக்குச் சளி பிடித்துவிடுமே என்றுதான் பயந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் என் நாத்தனார் மதுமதியும் அவள் கணவரும் வந்தார்கள். சிரித்துப் பேசினார்கள். முறுக்குச் சாப்பிட்டார்கள். திடீரென்று மதுமதி எழுந்தாள். அவள் கணவரும் எழுந்தார். இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்கள்.

"என்னட்டி, சொல்லாமப் போறாவ?" என்றார் இவர், ஆரஞ்சை உரித்தபடி.

"அவசரமா இருக்கும்" என்றேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மேலப்பாளையத்திலிருந்து நூர்முகம்மது அண்ணாச்சி வந்தார். இவரோடு இருபது வருஷம் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர். "வாரேன்" என்று சொன்ன பிறகும் கேட்டில் நின்று அரை மணி நேரம் பேசுகிற ஆள். அன்று பாதிப் பேச்சில் எழுந்தார். குனிந்த தலை நிமிராமல் போனார். கேட்டைக்கூடச் சாத்தவில்லை.

மறுநாள் என் தம்பி கணேஷ்ராம் வந்தான். அவன் எழுந்ததுமே நான் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டேன்.

"சொல்லிட்டுப் போலே."

"என்னத்தக்கா?"

"போயிட்டு வாரேன்னு சொல்லு. ஒனக்குக் கோடிப் புண்ணியம், ஒரு தடவ சொல்லு."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். வாயைத் திறந்தான். கண்ணில் நீர் முட்டியது.

"வாயில வரமாட்டேங்குதுக்கா" என்றான். "ஏன்னு தெரியல."

என் தோளைத் தொட்டு விலக்கிவிட்டுப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே இவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக வேலை செய்கிறது, தாராளமாகக் காலையில் நடக்கலாம் என்றார். இவருக்கு ஒரே குஷி. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. யார் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, இவர் சொல்கிறாரே. முப்பத்தொரு வருஷமாகப் படியிறங்கும்போதெல்லாம் "வாரேன், பிருந்தா" என்று சொல்லாமல் போனதில்லை. அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் நான் அடுப்பையே பற்றவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பால் காய்ந்துகொண்டிருந்தது. அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கேட்டின் கொண்டி விழும் சத்தம் கேட்டது.

நடுவில் குரல் வரவில்லை.

வாசலுக்கு ஓடினேன். தெருமுனை வேப்பமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். தோளில் துண்டு. தலை குனிந்திருந்தது. துட்டி வீட்டிலிருந்து போகிறவர் நடக்கிற நடை.

கூப்பிட வாயெடுத்தேன். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். அந்த ஒரு நொடி தயங்கினேன். அதற்குள் அவர் முனை திரும்பிவிட்டார்.

என் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள், யாரோ வாளியை வைத்தார்கள்.

தண்ணீர் கொட்டியது. ஈர்க்குமாறு உள்ளறையிலிருந்து ஆரம்பித்து, கூடத்தைத் தாண்டி, வாசலைப் பார்த்து வந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. படியிலேயே நின்றேன். குதிகாலில் ஏதோ குளிர்ந்தது.

குனிந்து பார்த்தேன். இந்தத் தடவை தரை நனைந்திருந்தது.