கானுக்கு அந்தப் பக்கம்

றொசானாவின் காலில் ஓர் அட்டைகூட இல்லை.

முதுகில் கிடந்த மகளை மேலே ஏற்றிப் பிடிக்கும்போதுதான் சூசைரட்ணம் அதை உணர்ந்தான். சவர்க்காரம் அப்பியும் அவன் கால்களில் அட்டைகள் கொத்துக் கொத்தாக ஏறி, காற்சட்டைக்குள் ரத்தம் பிசுபிசுத்தது. சேற்றில் செருப்பைத் தொலைத்து வெறுங்காலோடு நடந்த பிள்ளையின் கால் மட்டும் ஆற்றுக்கல் மாதிரி வழுவழுவென்று, சில்லென்று இருந்தது.

இந்த நடைக்கே வந்திருக்கக் கூடாது. வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கி, தேயிலை மலைகளுக்குள்ளாகக் குடும்பம் குடும்பமாகப் பூண்டுலோயாவுக்கு நடப்பது என்று ஏற்பாடு செய்தவன் கோயில் பாட்டுக்குழு மிலான். சின்னப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே நடக்கலாம் என்றான். அடைமழை நாளில் போனைப் பார்த்து மலைக்கு வழி சொல்கிறவனை நம்பினால் இதுதான் கதி. பாதையைக் காணோம், சேறுதான் கிடந்தது. மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி, அடுத்த தேயிலைச் செடியைத் தின்றுவிட்டது.

மலைத்தண்ணீர் வடிய வெட்டி, பாதையை அறுத்துக்கொண்டு ஓடிய பெரிய கானில் ஆண்கள் இறங்கி நின்று பிள்ளைகளை அக்கரைக்குக் கடத்தினார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நீல மழைக்கோட்டு. கால் பிசகிய மனைவி பவுலினை முதலில் கரையேற்றி முன்னே அனுப்பினான் சூசைரட்ணம். செருப்புக்காக அழுத மகளை, அசையாமல் கானுக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொல்லி அதட்டியிருந்தான். திரும்பிப் போனபோது நீலக் கோட்டு கைகளைத் தூக்கிக்கொண்டு கான் ஓரத்தில் நின்றது. முகத்தைப் பார்க்கவில்லை. முதுகைக் கொடுத்து, கானைத் தாண்டி நடந்தான்.

"கோவமா பாப்பா? புதுச் செருப்பு வாங்கித் தர்றேன்."

கழுத்தைச் சுற்றிய கை கொஞ்சம் இறுகியது. கானில் மாசக்கணக்கில் மக்கிக் கிடந்த இலையின் நாற்றம் காதோரம் வீசியது. முன்னே போனவர்களின் பேச்சு தேய்ந்து, தன் கால் சேற்றில் புதைந்து பிடுங்கும் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

"அப்பா."

அவன் நின்றான். மூட்டத்துக்குள் குரல் கேட்டால் மூன்றாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் பதில் கொடுக்க வேண்டும். மனுஷரல்லாத மற்றது இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு முலைப்பாலோடு வந்த பயம் அது. சாமியார் எத்தனை பிரசங்கம் வைத்தும் போகவில்லை. பிள்ளை என் முதுகில் இருக்கிறாள், அது வேறு எதுவோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வழுக்கும் கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"அப்பா, நான் அசையாமத்தான் நிக்கிறேன்."

அந்தச் சொல் அவனுக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்தது. வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டான். இன்னும் ஒரு தரம். ஒரே ஒரு தரம் கூப்பிடு. மாதாவே, கூப்பிடட்டும்.

மேலே மண் பெயர்ந்தது. மெதுவாக. ஈரச் சாக்கை இழுப்பது போல. அது கானுக்குள் விழுந்த சத்தம். பிறகு மழை.

மூன்றாவது குரல் வரவில்லை.

"றொசானா!"

கானை நோக்கி ஓடினான். விழுந்தான். எழுந்தான். கத்தினான். மழைதான் கேட்டது. முதுகு கனத்தது. கழுத்தில் இருந்த கை நீண்டு வந்து அவன் வாயைப் பொத்தியது. மண் ருசி.

குனிந்து பார்த்தான். இடுப்பில் தொங்கிய கால்கள் அவன் முழங்காலைத் தாண்டிவிட்டன. கணுக்காலையும்.

அவன் ஓட ஓட, அவை பின்னால் சேற்றை உழுதுகொண்டு வந்தன.