ஒரு கைப்பிடி சீனி

கொல்லைச் சுவரின் மேல் இருந்த கிண்ணம் சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி, மூடி போட்டு, எட்டி வைத்துவிட்டுப் போனதுபோல. ஆனால் ஷாஹினா அவ்வளவு நேரமும் கொல்லையில்தான் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

திண்டுக்கல் பேகம்பூரின் அந்தச் சந்துக்கு அவர்கள் குடிவந்தது அன்று காலையில்தான். கணவன் ஆசாத் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் வேலை பார்த்தான்; கடை மூடி வீடு திரும்ப நடுநிசி ஆகிவிடும். பகல் முழுக்கச் சந்துக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் பீரோவுக்குத் தோள் கொடுத்தார். ஒருவர் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். எதிர்வீட்டு ஷரீஃபா தேநீர் போட்டுக்கொண்டு வந்து, மகள் பர்ஹானாவின் கன்னத்தைத் தடவி, "ஒத்தப் புள்ளையா? மாஷா அல்லா" என்றாள். இம்புட்டு நல்ல சனங்களா என்று ஷாஹினா வியந்தாள். இந்தக் கிண்ணமும் அந்த அன்பின் தொடர்ச்சியாகத்தான் அவளுக்குப் பட்டது.

மூடியைத் திறந்தாள். நெய்ச்சோறு. ஏலக்காயும் பட்டையும் வதங்கிய மணம் முகத்தில் அடித்தது. அதற்கு அடியில், மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, ஈரச் சுண்ணாம்பின் வாடை, அதுவும் மெல்லியதாக இருந்தது. யூகேஜி படிக்கும் பர்ஹானா அதற்குள் கையை விட்டு ஒரு வாய் அள்ளியிருந்தாள்.

கழுவும்போதுதான் ஷாஹினா கிண்ணத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள்தான், விசேஷ வீடுகளில் மாறிப்போகாமல் இருக்க. இதிலும் வெட்டியிருந்தார்கள். ஆனால் வெட்டிய பெயரைச் சுரண்டி, அதன்மேல் வேறு பெயர் வெட்டி, அதையும் சுரண்டி, மறுபடி வெட்டி... அடித்தகடு காகிதம்போல மெலிந்திருந்தது. ஒரு பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை.

"சீனி டப்பாவ எடுத்துட்டு வா பாப்பா."

"எதுக்கும்மா?"

"வந்த பாத்திரத்த வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாது. தப்பு."

"நான் போடுறேன், நான் போடுறேன்!"

பர்ஹானா தன் சின்னக் கையால் ஒரு கைப்பிடி சீனியை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். ஷாஹினா அதைச் சுவரின் மேல் வைத்தாள். காலையில் கிண்ணம் இல்லை.

இரண்டொரு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஷரீஃபாவிடம் போய் உட்கார்ந்தாள். "பக்கத்து வீட்டுல யாருக்கா இருக்காக? முகத்தையே காட்ட மாட்டேங்குறாக. நெய்ச்சோறு அம்புட்டு ருசி."

கீரைத்தண்டைக் கிள்ளிய கை அப்படியே நின்றது.

"அங்க ஆரும் இல்லையேம்மா. பூட்டித்தான கெடக்கு."

ஷாஹினா திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வாசலில் உள்ளங்கையளவு திண்டுக்கல் பூட்டு ஒன்று, துருப்பிடித்து, நாதாங்கியோடு ஒட்டிக் கிடந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே சிலந்தி வலை பால்போல வெளுத்திருந்தது.

"கிண்ணத்தத் திருப்பிக் குடுத்துட்டியா?" ஷரீஃபா கீரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆமா."

"வெறுமையாவா?"

"இல்லக்கா, பாப்பா கையால சீனி போட்டு."

ஷரீஃபா மெதுவாக மூச்சு விட்டாள். "நல்ல காரியம் பண்ணுன தங்கச்சி" என்றாள். அந்த முகத்தில் தெரிந்தது கவலை இல்லை, நிம்மதி என்பது அப்போது ஷாஹினாவுக்குப் புரியவில்லை.

கிண்ணம் அதற்குப் பிறகும் வந்தது. எப்போதும் மஃரிப் பாங்கு முடிந்த கையோடு. மலைக்கோட்டைப் பாறையில் கடைசி வெளிச்சம் வற்றி, தோல் கிடங்குகளின் உப்பு நாற்றத்தைக் காற்று சந்துக்குள் தள்ளிக்கொண்டு வரும் அந்த நேரத்தில். அவள் இப்போதெல்லாம் சோற்றைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, சாக்கடையில் கொட்டிவிடுவாள். ஆனால் கிண்ணத்தை வெறுமையாக வைக்கவும் கை வரவில்லை. பேரீச்சம்பழம், வடை, ஒன்றும் இல்லாவிட்டால் சீனி.

"பிரியாணிக் கடைக்காரன் வீட்டுக்கே சோறு வருதுன்னா, குடுத்து வச்சவதான் நீ" என்று ஆசாத் சிரித்தான். "யாராச்சும் நேர்ச்சை வச்சுருப்பாக, புள்ள. தின்னுட்டுத் தூங்கு."

சிரிக்க அவளாலும் முடிந்திருக்கும், அந்தச் சத்தம் மட்டும் இல்லாதிருந்தால். பொழுது சாயும்போது பொதுச்சுவருக்குள்ளிருந்து வரும். டிக். டிக். டிக். சின்ன உளியைத் தகட்டில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல. பாத்திரக் கடையில் கேட்டிருக்கிறாள். பொறுமையான சத்தம். சுவரில் காதை வைத்தால் நின்றுவிடும். அந்தப் பக்கத்திலும் ஒரு காது சுவரில் வந்து ஒட்டிக்கொண்டதுபோல ஒரு நிசப்தம் மிஞ்சும்.

சோறு குறைந்துகொண்டே வந்தது. முதலில் நெய் இல்லை. பிறகு சூடு இல்லை. பிறகு அடியில் ஒட்டிய நாலு பருக்கை.

அந்த வெள்ளிக்கிழமை கிண்ணம் காலியாக வந்தது. கழுவித் துடைத்து, ஓரத்தில் ஈரத்துளி மின்ன.

ஷாஹினா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஷரீஃபாவின் வீட்டுக்கு ஓடினாள். ஷரீஃபா வந்தாள், ஆனால் இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு வெறுங்கிண்ணம் வந்துருக்கு."

"வெறுங்கிண்ணத்த நீட்டுனா என்னம்மா அர்த்தம்? கேக்குதுன்னு அர்த்தம்."

"என்னத்தக் கேக்குது?"

ஷரீஃபா பர்ஹானாவைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க வீட்டுல முன்ன கமர்ஜஹான் இருந்தா. மூணு பேரா வந்தாங்க. போகையில ரெண்டு பேரு."

"தெரிஞ்சேவா எங்கள இங்க குடிவர விட்டீங்க?"

"அந்த வீடு காலியாக் கெடந்தப்ப கிண்ணம் எங்க செவத்துல வந்து உக்காந்துச்சும்மா." ஷரீஃபாவின் குரல் உடைந்தது. "எனக்கும் புள்ளைக இருக்கு. இந்தச் சந்துல எல்லாருக்கும் இருக்கு. கோவிச்சுக்காத தங்கச்சி. வீட்ட மட்டும் காலி பண்ணிறாத."

சந்தின் ஜன்னல்களில் திரைச்சீலைகள் லேசாக அசைந்தன. பீரோ தூக்கியவர். குடம் கொண்டுவந்தவர். யாரும் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிண்ணத்தைச் சுவரின் மேல் அப்படியே வைத்தாள். வெறுமையாக. எதுவும் தர மாட்டேன். ஒரு சீனித்துகள்கூட. பின்வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஆசாத்துக்குப் போன் போட்டாள்.

"இப்பவே வாங்க மச்சான். இங்க இருக்க வேணாம். எங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம்."

"கடையில கூட்டம் அள்ளுது ஷாஹினா. செத்த நேரம் பொறு, வாரேன்."

அறைக்குள் கட்டிலில் பையை விரித்துக் கையில் கிடைத்த துணிகளை எல்லாம் திணித்தாள். பர்ஹானா பக்கத்தில் நின்றாள்.

"ம்மா. வெறுமையாவா வச்ச?"

"பேசாம இரு."

"நீதானம்மா தப்புன்னு சொன்ன."

"பேசாம இருன்னு சொல்றேன்ல!"

ஷாஹினா பீரோவைத் திறந்தாள். பள்ளிச் சீருடை. ஸ்வெட்டர். ஆதார் அட்டைகள் இருந்த கவர். சுவருக்குள் டிக் டிக் என்று ஆரம்பித்தது. அவள் காதை அடைத்துக்கொள்ளவில்லை. கைகள் வேலை செய்துகொண்டே இருந்தன. பெரிய எழுத்து ஒன்றை வெட்டுகிறார்கள். இப்போது வளைவு. இப்போது கோடு. ஏன் எனக்கு இது தெரிகிறது?

சத்தம் நின்றது.

"பாப்பா?"

திரும்பினாள். அறையில் யாரும் இல்லை.

சமையலறையில் சீனி டப்பா திறந்து கிடந்தது. தரையில் வெள்ளையாக ஒரு கோடு. சின்னக் கை இறுக்கிப் பிடிக்கத் தெரியாமல் சிந்திக்கொண்டே போன கோடு. அது பின்வாசல்வரை போயிற்று. தாழ்ப்பாள் நீக்கியிருந்தது.

கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலி சுவரோடு சேர்த்துப் போடப்பட்டிருந்தது. நாற்காலியில் சீனி. சுவர் விளிம்பில் சீனி. கிண்ணம் இல்லை.

"பர்ஹானா!"

நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு வேப்பஞ்சருகு. வருஷக்கணக்கில் யாரும் மிதிக்காத சருகு. ஒரு இலைகூடக் கலையவில்லை.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். சந்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஷரீஃபா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எங்கோ ஒரு டிவி. எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள்.

டிக். டிக். டிக்.

கடைசி எழுத்து. சின்னது.

கால் நழுவியது. நாற்காலியோடு விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. எழுந்தாள்.

சுவரின் மேல் கிண்ணம்.

எடுத்தாள். சூடாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் புதிதாக வெட்டிய தகட்டின் பிசிறு குத்தியது. விரல் தானாக அதன்மேல் ஊர்ந்தது. ப. ர். ஹா. விரலை இழுத்துக்கொண்டாள்.

மூடியைத் திறந்தாள்.

வெறுமையாகத் திருப்பித் தரவில்லை.

உள்ளே ஒரு கைப்பிடி சீனி.