ப்ளீச் ஊற்றியவன்

"யாரைக் கேட்டு இதுல ப்ளீச் ஊத்தினீங்க?"

அவள் குரலில் ஆய்வுக்கூடமே நிமிர்ந்து பார்த்தது. சிங்க் பக்கத்தில் நின்றிருந்த புதியவன் கையுறையோடு திரும்பினான். நல்ல கண்கள்தான்... இருந்து என்ன பிரயோஜனம்? கூடவே கொஞ்சம் மூளையும் இருக்க வேண்டாமா?

"தட்டு மஞ்சளா இருந்துச்சுங்க... கிருமி புகுந்துடுச்சுன்னு நினைச்சேன். மத்ததுக்கும் பரவிடுமேன்னு..."

"நான்தான் அதுல லாக்டிக் அமிலம் சேர்த்திருந்தேன். அமிலம் பட்டா செல்லோட உணவுத் திரவம் மஞ்சளாகாம, பச்சையாவா ஆகும்?"

தட்டில் இருந்தவை மூன்று வாரம் பிள்ளை மாதிரி அவள் வளர்த்த குடல் செல்கள். லாக்டிக் அமிலத்துக்கு இரண்டு வடிவம். இடது கையும் வலது கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒன்றைக் குடல் செல் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்றது நுழையவே நுழையாது என்பது பேராசிரியரின் பிடிவாதம். மெதுவாகத்தான், ஆனாலும் நுழைகிறது என்பது இவள் கண்டது. இன்னொரு முறை செய்து காட்டினால்தான் நம்புவாராம். அந்த இன்னொரு முறைதான் இப்போது சிங்கில் போய்விட்டது.

நடந்ததைச் சொல்ல அறைக்குப் போனால், பேராசிரியர் அவளை முழுதாகப் பேசக்கூட விடவில்லை. "முடிவு சரியா வரலைன்னா, தட்டு போச்சுன்னு சொல்றது எல்லாரும் செய்யறதுதானேம்மா" என்று சிரித்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமையை இதுக்குக் கொட்டி அழுதிருக்கேன்... நான் பொய் சொல்றேனாம்.

கதவருகே அவன் வந்து நின்றான். "நான்தான் சார் கொட்டினேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. திரும்ப வளர்த்துத் தர்றது என் பொறுப்பு."

சொன்னதைச் செய்தான். செல்களுக்கு உணவு மாற்றும் நாளெல்லாம் அவளுக்கு முன்பே வந்து நின்றான், மழையில் சொட்டச் சொட்ட நனைந்தும்கூட. அவள் பார்த்தாள்... பார்க்காத மாதிரி பார்த்தாள். சனியன், இமையெல்லாம் மழைத்துளி.

முடிவு வந்தது. இரண்டாவது வடிவமும் நுழைந்திருந்தது. மெதுவாக, ஆனால் அதே வாசல் வழியாக. "ம்... எழுதும்மா" என்றார் பேராசிரியர். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால்தானே.

வெளியே வராந்தாவில் சாரல். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இன்னும் கோபமாங்க?"

"ஆமா."

"வேணும்னா நான் பக்கத்து லேபுக்கு மாத்திக்..."

"தட்டையும் கொட்டிட்டு, தினமும் எதிர்ல வந்து நின்னு என் தூக்கத்தையும் கெடுத்துட்டு, இப்போ பக்கத்து லேபா? நல்லா இருக்குங்க நியாயம்."

அவன் ஓரடி கிட்டே வந்தான்.

"அப்போ... இந்தக் கோபம் எப்பதான் போகும்?"

"போகாது. ஆயுசுக்கும் இருக்கும். பக்கத்துலயே இருந்து வாங்கிக்கோங்க."