அவித்த மண்ணில் வாசமில்லை

“கேக்காமலே எடுக்கிறீங்க?”

மண்குவியல் முன் குனிந்திருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நாற்றுப்பண்ணைக்காரன் இடுப்பில் கை வைத்து நின்றான்.

“ஒரு ஸ்பூன்தான்... ஆராய்ச்சிக்கு.”

“என் மண்ணுல என்ன ஆராய்ச்சி?”

பதற்றம் வந்தால் அவளுக்கு வாய் முந்திக்கொள்ளும். “இதுல கோடிக்கணக்கில கிருமி இருக்கும்.”

செடி வாங்க வந்த இருவர் தொட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நழுவினார்கள்.

“நல்லா இருக்கு. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

“வர மாட்டேன்.”

பேருந்தில் யோசித்தாள். கோபமெல்லாம் குரலில்தான்... அந்தக் கண்கள் ஏன் அப்படிப் பார்த்தன?

ஆய்வுக்கூடத்தில், அந்த ஒரு ஸ்பூன் மண்ணைக் கரைத்து ஊற்றிய தட்டில் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி வளர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா. அதே தட்டில் விட்டிருந்த, எந்த மருந்துக்கும் மசியாத நோய்க்கிருமி அதன் பக்கத்தில் மட்டும் வளரவில்லை. புது மருந்தாகவே இருக்கலாம்... அதைப் பிரித்துச் சேமிப்பதற்குள் தட்டெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது.

“அதே மண்ணுல இருந்து மறுபடி எடும்மா. இல்லேன்னா இத்தனை நாள் பாடும் வீண்தான்” என்றார் பேராசிரியை.

வீம்பை விழுங்கிக்கொண்டு நாற்றுப்பண்ணைக்குப் போனாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. கல்லாவில் இருந்த அவன் அக்கா ஏற இறங்கப் பார்த்தாள்.

“கிருமிப் பொண்ணு நீதானா? உன் புண்ணியத்துல குவியல் மொத்தத்தையும் டிரம்முல போட்டு அவிச்சுட்டான்.”

“அதுலதான் ஒரு மருந்தே இருந்துச்சு...” என்றவளுக்கு அழுகை முட்டியது. அங்கே வந்த அவன் முகமும் தொங்கிப்போனது.

“கிருமின்னா கெட்டதுன்னு நினைச்சேங்க...”

“இது நல்லதுங்க. மழை விழுந்தா மண்ணு மணக்குதே... அந்த வாசமே இது உண்டாக்குறதுதான்.”

அவன் சட்டென்று நிமிர்ந்தான். “அதான் அவிச்ச மண்ணுல வாசமே இல்ல! வாங்க. அவிக்கிறதுக்கு முன்னாடி ரொப்பின தொட்டி ஒண்ணு ரெண்டு இந்த வரிசைகள்லதான் கலந்து கிடக்கும்.”

நனைந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தார்கள்.

“நல்லா மோப்பம் புடிக்குதுங்க ரெண்டும்” என்று அக்கா முணுமுணுத்தாள்.

கடைசி வரிசையில், ஒரே தொட்டியின் மேல் இருவரும் குனிந்ததில் நெற்றிகள் முட்டிக்கொண்டன. அவள் இமையில் ஒரு துளி நின்றது. தொட்டியிலிருந்து மழை வாசம் எழுந்தது.

கரண்டியால் எடுத்துப் பையில் போட்டாள்.

“இது போதுமா?”

“போதும்.”

“அப்போ... இனி வர வேண்டியதில்ல.”

பையின் வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள்.

“மண்ணுக்காக வர வேண்டியதில்ல...”

“வேற எதுக்கு?”

“உங்களைப் பார்க்க வரலாமா?” குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவனுக்குக் கேட்டது. “வராதீங்கன்னு சொன்ன நாள்ல இருந்து வாசலைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். வியாபாரமே ஓடலைன்னு அக்கா திட்டுறாங்க...”