லில்லியன் நடக்கும் பக்கம்

இந்தக் காலத்து ஆட்கள் யாரும் நேராக வருவதில்லை என்பது காப்ரியலின் எரிச்சல். முன்பெல்லாம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஒருவன் வந்தால் தூரத்திலேயே தெரியும். இருமுவான், பெயர் சொல்லிக் கூப்பிடுவான். இப்போது பூனை மாதிரி வந்து பக்கத்தில் முளைக்கிறார்கள். நேற்று அப்படித்தான், கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது காலி நாற்காலியிலிருந்து பக்கத்து வீட்டுச் சேது பேசினான்.

"எவ்வளவு நேரமா கூப்பிடுறேன்ணே, காது போச்சா?"

காதெல்லாம் போகவில்லை. நாற்காலியில்தான் ஆள் இல்லை. பிறகு இருந்தான்.

வீடும் சரியில்லை. கதவு நிலை வந்து தோளில் இடிக்கிறது. மேசையில் வைத்த மூக்குக்கண்ணாடி காணாமல் போகிறது; மனைவி லில்லியன் தடவி அதே மேசையிலிருந்து எடுத்துத் தருகிறாள். இனிப்பு நீர் வியாதி வந்து கண் மங்கியவள் அவள். ஆபரேஷன் என்று கூட்டிப் போனார்கள். இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் விட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட எவனையும் காப்ரியல் நம்புவதில்லை. அவளுக்குக் கண்ணாக நான் இருக்கிறேன், போதும் என்பார்.

சனிக்கிழமை வேலை முடிந்து, மகள் டிஃபனி செரண்டா ஃபேக்டரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தாள். காப்ரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி, சோறு இவ்வளவுதானா? உங்கம்மா அளந்து போட ஆரம்பிச்சிட்டாளா?"

டிஃபனி தட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

சோறு இருந்தது. மீன் துண்டு இருந்தது. குழம்பு ஆறி ஆடை கட்டியிருந்தது.

"எப்ப போட்ட?"

"நான் போடலப்பா. இங்கதான் இருந்துச்சு."

"வித்தை காட்டுறியா?"

"ஒரு பக்கம்தான் ஷேவ் பண்ணியிருக்கீங்க. உங்களுக்கு இடது பக்கமே தெரியலப்பா. இது மூளை வியாதிலா. எங்க சூப்பர்வைசரோட மாமாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. இப்பவே ஆஸ்பத்திரி போலாம்."

காப்ரியல் எழுந்து சுவர்க் கண்ணாடியில் பார்த்தார். முகம் சுத்தமாகத்தான் இருந்தது.

"போயி உன் ஃபேக்டரில மூளைய செக் பண்ணச் சொல்லு."

டிஃபனி சிரிக்கவில்லை. "சேதுண்ணன்கிட்ட கார் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க. ரோட்டுல அவங்களுக்கு உங்க கண்ணு மட்டும்தான்."

மோட்டார் சத்தம் செம்பனை மரங்களுக்குள் தேய்ந்தது. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் காப்ரியலின் நெஞ்சில் முள்ளாக நின்றது. தன் கண்ணையா சந்தேகப்படுகிறாள்? மாதா கோயிலில் ஜெபமாலை தொடங்கும் நேரம். சட்டையை மாட்டினார்.

"கிளம்பு."

"டிஃபனி வரட்டுமேங்க."

"இத்தன வருஷமா கூட்டிட்டுப் போறேன். ஒரு நாள் விழுந்திருக்கியா?"

லில்லியன் செருப்பைத் துழாவினாள்.

எஸ்டேட் ரோட்டில் எப்போதும் லோரி வரும் பக்கம் அவர். கால்வாய் ஓரமாக, வாட்ச் கட்டிய அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, அவள். வெயில் இறங்கி, செம்பனை ஆலையின் புளித்த எண்ணெய் வாடை ஈரக்காற்றோடு தொண்டையில் படிந்தது. மரங்களுக்கு அடியில் இருட்டு முன்னதாகவே வந்து குந்தியிருந்தது; காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசி யாரோ கிசுகிசுப்பது போல் கேட்டன. கால்வாயின் கரிய நீரில் தவளைகள் விடாமல் கத்தின.

அதற்குள் இன்னொரு சத்தம். சர்ர்... சர்ர்... யாரோ ஒரு காலை இழுத்து நடக்கிறார்கள்.

"பின்னால எவனோ வரான்."

"யாரும் வரலங்க. அது உங்க செருப்புதான். காலையிலிருந்து இழுக்குது."

அவர் நின்றார். சத்தமும் நின்றது. நடந்தார். சர்ர்.

"என்னங்க, காலுல புல்லு படுது. ரோட்டுக்கு வாங்க."

"ரோட்டுலதான் போறோம்."

"தண்ணி வாடை அடிக்குதுங்க."

"பேசாம வா."

எதிரே லோரி விளக்கு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி. வெளிச்சம் கண்ணைக் குத்தியது, தரை அதிர்ந்தது, புழுதி வாயில் அடைத்தது. அந்த இரைச்சலுக்குள் "என்னங்" என்று ஒரு குரல் பாதியில் அறுந்தது போல் இருந்தது.

லோரி போயிற்று.

தவளைகள் கத்தவில்லை.

தண்ணீரில் கனமாக ஏதோ புரண்டது. உடும்பு, என்று நினைத்தார். இங்கே உடும்பு அதிகம்.

"லில்லியன்?"

தலையைத் திருப்பினார். வலப்புறம் செம்பனை. எதிரே ரோடு. அவ்வளவுதான் உலகம். ஆள் இல்லை.

"கோவமா?"

தண்ணீர் அடித்துக்கொண்டது. பலமாக. பிறகு கொஞ்சமாக.

வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே நீட்டித் துழாவினார். சட்டைத் துணி. காற்று. ஒரு கை.

அப்பாடா.

"இங்கதான இருக்க. வாயத் தொறந்து சொன்னா என்ன?"

கை சில்லென்றிருந்தது. திருப்பிப் பிடிக்கவில்லை. விரல்கள் தடித்துக் காய்த்திருந்தன. மணிக்கட்டில் முடி. அதற்கு மேல் தோல் வார். கடிகாரம்.

"என் வாட்ச எதுக்குக் கட்டிக்கிட்ட?"

 கால்வாயில் ஒரு குமிழி உடைந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

விழுந்துவிடுவாளாம். இதோ, கையோடுதானே வருகிறாள். படித்த பிள்ளைகளின் பேச்சு. அந்தக் கையை இறுகப் பற்றி இழுத்துக்கொண்டு, காப்ரியல் கோயில் விளக்கை நோக்கி நடந்தார்.