எஞ்சியவர் பங்கு

சாலிகிராமத்தில் இருந்த எங்கள் எழுத்தறையில் ஒருவர் கொண்டுவந்த டீயை இன்னொருவர் தொடமாட்டோம். ஐந்து பேருக்கு ஐந்து பிளாஸ்க். காலையில் நுழைந்ததும் ஒருவர் பையை ஒருவர் சோதிப்போம். பிறகுதான் கதை விவாதம்.

எல்லாம் 2061இல் வந்த அந்தப் புண்ணியச் சட்டத்தால். இணைய ஓடைத்தளத்தில் ஒரு தொடரை யார் பார்த்தாலும் அதை எழுதியவர்களுக்குப் பங்கு உண்டு. எழுதியவர் செத்தால் அவர் பங்கு வாரிசுக்குப் போகாது; உயிரோடிருக்கும் சக எழுத்தாளர்களுக்குப் பிரியும். வாரிசுகள் கோர்ட்டுக்கு அலையக் கூடாதாம். என்ன நல்ல மனசு!

எங்கள் ‘படகுத்துறை’யின் முதல் பருவத்தை ஈ காக்கை சீண்டவில்லை. ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்தோம். இரண்டாவது பருவம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த வாரமே ஐந்து பிளாஸ்க் வந்தது. அடுத்த வாரம் கிருபாகரன் லிஃப்டில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். அறுத்த மாசிலாமணியை லாரி ஏற்றிக் கொன்றான் ஜெர்வாஸ். ஜெர்வாஸை மொட்டைமாடியிலிருந்து தள்ளியது திரவியம் அண்ணன். காலைப் பிடித்துத் தூக்கிவிட்டது நான். ‘தொழில் தகராறு’ என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது.

மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

“பவளம், மூணாவது பருவத்த கேவலமா எழுதிருவோம்,” என்றார் அண்ணன். “தொடர் படுத்துருச்சுன்னா பழசையும் எவனும் பாக்கமாட்டான். பங்கும் இல்ல, கத்தியும் இல்ல.”

மட்டமாக எழுதுவது லேசுப்பட்ட வேலையல்ல. உயிர்பயத்தில் ஏழு பகுதிகளைக் குப்பையாக்கினோம். எட்டாவதின் கடைசிக் காட்சி என் பொறுப்பு. ஆற்றோடு போன படகோட்டிக்கும் சேர்த்து அவன் மனைவி இரண்டு தட்டு வைக்கிறாள். “அவரு வருவாரு,” என்கிறாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வெளியான அன்று மத்தியானம் அண்ணன் கத்தியோடு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

“நாலு கோடிப் பேரு அழுதிருக்கான். நானும் அழுதேன். ஏன் பவளம் நல்லா எழுதின?”

“வந்துருச்சுண்ணே.”

கத்தி என் தோளில் எலும்புவரை இறங்கியது. என் பிளாஸ்க் எஃகு. அதைக்கொண்டு அவர் நெற்றியில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன், பற்கள் தெறிக்கும்வரை. ரத்தமும் டீயும் தரையில் கலந்து ஓடின.

அவர் ஏதோ முனகினார். குனிந்தேன்.

“அந்த வசனம் வேண்டாம்... தட்டே போதும்.”

பாவி மனுஷன், சரியாகத்தான் சொன்னார். ஓடைத்தளத்தில் வெளியான பிறகும் திருத்தலாம். தோளில் கட்டோடு உட்கார்ந்து அந்த வசனத்தை வெட்டினேன். கூட்டம் இரட்டிப்பானது. பங்கு முழுவதும் எனக்கு.

இன்று நாலாவது பருவத்தின் முதல் காட்சியை எழுதினேன். நன்றாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. படித்துச் சொல்லத் தெரிந்த நாலு பேரும் செத்துவிட்டார்கள்.