ஜும்மாவுக்குப் பிறகு விழுந்த கோடுகள்

2009, மே மாதம். குளச்சல்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஜலாலுதீன் தன் வீடியோ ஸ்டூடியோவின் மாடிப்படி ஏறினார். எடிட்டிங் கம்ப்யூட்டரின் திரையில் மணப்பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் விழுந்திருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. அறையில் சூடேறிய பிளாஸ்டிக் வாடை.

கம்ப்யூட்டரின் பக்க மூடி கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. திறந்த பெட்டிக்குள் ஒரு டேபிள் ஃபேன் காற்றை அடித்துக்கொண்டிருந்தது. எடிட்டர் லிஜின் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன்லே, மூடியத் திறக்காதேன்னு? உப்புக் காத்து உள்ள போனா கிராஃபிக்ஸ் கார்டு தாங்குமா?"

"சூடு குறையட்டும்னுதான் பாய்."

"குறைஞ்சிட்டு. ஒரேயடியா குறைஞ்சிட்டு."

ஜலாலுதீனின் தம்பி பஹ்ரைனில் ஸ்டூடியோ நடத்துகிறார். அடுத்த மாதம் லிஜின் அங்கே வேலைக்குப் போவதாக இருந்தது. ஜலாலுதீன் ஒரு வார்த்தை சொன்னால் விசா வந்துவிடும்.

"ஒரு மெஷினக் காப்பாத்தத் தெரியாதவன எனக்க தம்பிகிட்ட எப்படிலே அனுப்ப?" என்றார் ஜலாலுதீன்.

லிஜின் தன் தங்கை ஜெமிக்குப் போன் செய்தான்.

ஜெமி பக்கத்து ஊரான இனயத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். கல்லூரிக்குக் கோடை விடுமுறை; மாலையில் மட்டும் மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் வகுப்பு. கதவைப் பூட்டியபின் இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் பெண். அப்படியும் தெருமுனை போய்ச் சேருமுன் சந்தேகம் வந்துவிடும்.

"காலையில மெஷின் நல்லா இருந்துதா?"

"இருந்துது. உங்க யேசுரத்தினம் சார்தான் ரெண்டு மெஷினையும் சர்வீஸ் பண்ண வந்தாவ. புளோயர் வச்சுத் தூசி ஊதி, திரையப் போட்டுக் காட்டிட்டுத்தான் போனாவ."

"நீ கூடவே நின்னியா?"

"சாருக்குச் சாயா வாங்கக் கீழ போனேன்."

"பிறகு?"

"சார் போனதும் முடிச்ச கல்யாண வீடியோவ ஃபைலா எடுக்க எக்ஸ்போர்ட் போட்டேன். மெஷின் சூடாச்சு, கோடு விழுந்துது."

யேசுரத்தினம் ஜெமியின் மாலை வகுப்பு ஆசிரியர். இரண்டு வருடத்துக்கு முன் இந்த ஸ்டூடியோவுக்கு இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அதே மாடலில் தன் வகுப்புக்கும் ஒன்று வாங்கினார்.

ஜெமி இரண்டாவது கம்ப்யூட்டரை ஓட விட்டாள். மூடி போட்டிருந்தபோது அதன் கார்டு எழுபத்தெட்டு டிகிரி காட்டியது. மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்ததும் அறுபத்தாறுக்கு இறங்கியது.

"ஃபேன் வைக்காம வெறுமனே திறந்து வச்சா உள்ள காத்தோட்டம் கெடும் பாய். அண்ணன் ஃபேன் வச்சிருக்கான். குளிரத்தான் செய்யுது."

"அது இன்னைக்கு. ரெண்டு வருசமா உள்ள போன உப்பு என்னாச்சு?"

அவர் சொல்வதும் நியாயம்தான் என்று ஜெமிக்குத் தோன்றியது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் கம்பி, ட்ரைபாடின் திருகு, மேசை மேல் திறக்க மறுக்கும் கத்தரிக்கோல், எல்லாவற்றிலும் துரு. உப்புதான் கொன்றது என்றால் அதன் கைரேகை கார்டிலும் இருக்க வேண்டும்.

செத்த கார்டை உருவினாள். பெட்டியின் பின்பக்கத்தோடு அதைத் திருகிவைக்கும் இரும்புத் தகட்டில் கட்டைவிரலை ஓட்டினாள். விரல் சுத்தமாக இருந்தது. இரண்டாவது கம்ப்யூட்டரை நிறுத்தி அதன் கார்டை எடுத்தாள். தகட்டைத் தொட்ட விரல் பழுப்பாயிற்று.

"பாய், இந்தத் தகட்ட எப்பவாவது எண்ணெய் போட்டுத் துடைச்சீங்களா?"

"கத்தரிக்கே எண்ணெய் போட நேரமில்ல மக்கா. தகட்டுக்கா போடப் போறேன்?"

கார்டின் மேலிருக்கும் சின்ன ஃபேனைக் கழற்றினாள். சூட்டை வாங்கும் அலுமினிய மடிப்புகள் சுத்தமாக ஊதப்பட்டிருந்தன. ஃபேனின் அச்சில் மட்டும், பட்டுபோல மின்னும் வெள்ளை இழை இறுகச் சுற்றியிருந்தது. குண்டூசியால் அதை இழுத்தெடுத்துக் காகிதத்தில் மடித்துவிட்டு ஃபேனைத் திரும்பப் பொருத்தினாள்.

"என்னது அது?"

"தெரியல பாய்."

தெரியாமல் இல்லை. தெரியும் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"செரி, உங்க சார்கிட்டயே கொண்டு போவோம்" என்றார் ஜலாலுதீன். "சூட்டுலதான் செத்துதுன்னு அவரு சொன்னா, பிறகு பஹ்ரைன் பேச்சே வேண்டாம்."

மூவரும் ஜலாலுதீனின் காரில் கிளம்பினார்கள். பின் இருக்கையில் லிஜின் குனிந்து கேட்டான்.

"ஏட்டி, எதாவது கண்டுபிடிச்சியா?"

"தப்பா இருந்தா உனக்க விசாவும் போவும், எனக்க கிளாஸும் போவும். சும்மா இரு."

மாலை. மார்த்தாண்டம்.

யேசுரத்தினத்தின் வகுப்பு ஒரு மெத்தைக்கடையின் மாடியில் இருந்தது. கீழே இரண்டு பேர் இலவம்பஞ்சை உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். பிசிறு பறந்து மாடிப்படி வரை வந்தது. தினமும் மாலையில் மாணவர்களுக்கு முதல் வேலை, கம்ப்யூட்டர்களிலிருந்து பஞ்சை ஊதுவதுதான்.

மூலையிலிருந்த அனிமேஷன் கம்ப்யூட்டரைச் சுற்றி இன்று கூட்டம். ஒரு மாதமாக அது ஓட ஆரம்பித்துச் சூடானதும் கோடு போட்டு அணைந்துகொண்டிருந்தது.

"ஜெமி, இத சார் சரியாக்கிட்டாவ!" என்றாள் ஒரு மாணவி.

யேசுரத்தினம் ஜலாலுதீனின் கையிலிருந்த கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.

"சூடுதான் பாய். மூடியத் திறந்து போட்டிருக்கான். போதாததுக்கு உப்புக் காத்து வேற."

லிஜின் தலை குனிந்தான். ஜலாலுதீன் கார் சாவியைக் கையில் உருட்டினார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் ஜெமி.

"கேளு."

"உப்புல செத்த கார்டுக்குத் தகடு எப்படி சார் இப்படிப் பளபளன்னு இருக்கும்?"

ஜெமி காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். படியில் கிடந்த ஒரு பிசிறை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"இது அந்தக் கார்டுக்க ஃபேன்ல இருந்தது. இது உங்க படியில கிடந்தது. ரெண்டும் இலவம்பஞ்சு. பாய் ஸ்டூடியோவுல ஒரு தலையணைகூடக் கிடையாது."

"ஜெமி..."

"பாய், அந்த அனிமேஷன் மெஷினுக்குப் பின்னால பாருங்க. பெட்டியத் திறக்க வேண்டாம். தகடு வெளியவே தெரியும்."

ஜலாலுதீன் குனிந்தார். பெட்டியின் பின்பக்கம் முழுவதும் வெள்ளியாக மின்னியது. நடுவில் ஒரு தகடு மட்டும் பழுப்பு. விரலால் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எனக்க ஊருத் துரு."

ஜெமி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணன் சாயா வாங்கப் போன நேரத்துல சார் கார்ட மாத்தியிருக்காவ. மாடல் ஒண்ணு, பாத்தா வித்தியாசம் தெரியாது. குளிர்ந்திருக்கும்போது படம் வரும், அதனால திரையப் போட்டுக் காட்டிட்டு வந்தாச்சு. சூடானதும் கோடு விழும். அப்ப பழி, மூடியத் திறந்து வைக்குதவன் மேலதான் விழும்."

யேசுரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் அனிமேஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதுவரைக்கும்னுதான் நெனச்சேன் பாய். பிறகு மாத்தி வச்சிருப்பேன்."

"கார்டு போனாப் போவட்டும் சார். அந்தப் பயலுக்க விசாவயும் சேத்துல்லா எடுத்தீரு? இப்பக்கூட அவன் தலையிலதானே வச்சீரு?"

யேசுரத்தினம் எழுந்து போய்த் தானே திருகைக் கழற்றி, துருப்பிடித்த கார்டை உருவி ஜலாலுதீனிடம் கொடுத்தார். லிஜினின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவரால் முடியவில்லை.

ஜலாலுதீன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். "தம்பி, அந்தப் பயல அனுப்புதேன். கேட்டியா? மெஷினுக்குக் காத்து வீசிக் குடுக்குத ஆளு. நம்பி ஏத்துக்கோ."

லிஜின் தங்கையின் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தான். அவள் கவனிக்கவில்லை. மேசையில் கிடந்த பளபளத் தகட்டுக் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதோட ஃபேன நீங்க கழற்றிப் பாத்தீங்களா?"

"ஃபேன் சுத்துச்சே. சிப்பு போயிட்டுன்னு விட்டுட்டேன்."

"மெதுவாத்தான் சுத்தியிருக்கும். புளோயர் தூசியத்தான் ஊதும், அச்சுல சுத்தின பஞ்ச எடுக்காது, ஃபேனக் கழற்றணும்னு முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்கதான் சார்."

அவள் கீழே போய் மெத்தைக்கடைத் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு வாங்கி வந்தாள். அச்சில் விட்டதும் ஃபேன் லேசாகச் சுழன்றது. சிப்பின் மேல் காய்ந்து பொருக்காகியிருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்தாள். புதுப் பசையை மெல்லியதாகத் தடவினாள். கார்டை அனிமேஷன் கம்ப்யூட்டரில் பொருத்தி மூடியை மூடினாள். சரியாக உட்கார்ந்ததா என்று இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

திரையில் மாணவர்கள் செய்த கட்டுமரம் ஒன்று அலைமேல் ஏறி இறங்கியது.

கீழே ஜலாலுதீனும் லிஜினும் ஏறிய கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மாணவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள், ஜெமியும். யேசுரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்தார். கோடு விழும் என்று வகுப்பு முடியும்வரை காத்திருந்தார்.

விழவில்லை.